படுத்துக்கொண்டு பூத்த பூ

ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. மாருதி வேனுக்குள் உட்கார்ந்திருந்த ரங்கனுக்கு, இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. பீச்சுக்குப் போகிற மின்சார ரயில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கென்ன, அதன் பெண்டாட்டியா காணாமல் போயிருக்கிறாள்?

எல்லம்மாவைக் காணோம் என்றாகி இன்றோடு ஆறு நாள்.

"ரங்கண்ணா, அந்த சீட்டு ரெக்சினைப் பிச்சிப் பிச்சிப் போடாதே. போன மாசம்தான் தெச்சேன்" என்றான், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜெயவேலு.

ரங்கன் தன் விரல்களைப் பார்த்தான். சீட்டிலிருந்து ஒரு கைப்பிடி பஞ்சு வெளியே வந்திருந்தது. எப்போது பிய்த்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பிய்க்கட்டும் விடு" என்றாள் முன்சீட்டிலிருந்த ஷீலா. காட்டன் புடவையும் கான்வாஸ் ஷூவுமாக நாற்பது வயது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் 'லாசரஸ் துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்குகிறதே, அந்த லாசரஸின் ஒரே மகள். அப்பா போன பிறகு போர்டையும் அவள்தான் துடைக்கிறாள், கேஸையும் அவள்தான் பார்க்கிறாள். ஜெயவேலு அவளுக்கு டிரைவர், அசிஸ்டென்ட், டீ வாங்கி வருகிற ஆள், எல்லாம். வாய் மட்டும் இல்லையென்றால் அவனை நாய் தூக்கிக்கொண்டு போய்விடும்.

"இன்னொரு தரம் சொல்லுங்க ரங்கன். எதையும் விடாதீங்க."

ரங்கன் சொன்னான். ஆறு நாளாக இதையேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கோவளம் குப்பத்துக்காரன் அவன். சுனாமியில் கட்டுமரமும் வலையும் போன பிறகு அஸ்தினாபுரத்துக்கு வந்து, டி.வி.எஸ். ஃபிப்டியில் கூடை கட்டித் தெருத்தெருவாக மீன் விற்கிறான். எல்லம்மா ஹேமநாத் என்கிறவரின் பங்களாவில் செடிகளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாதாரணச் செடி இல்லை, ஆர்க்கிட். போன வியாழக்கிழமை காலை தூக்குவாளியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு போனவள்தான். சாயங்காலம் வரவில்லை. ராத்திரி ரங்கன் போய்ப் பார்த்தபோது கேட் பூட்டியிருந்தது. மணி அடித்தான், கத்தினான், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கோவளத்தில் தேடினான். திருவிடந்தையில் அவள் அக்கா வீட்டில் தேடினான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினான். நாய் படாத பாடு.

திங்கட்கிழமை மதியம்தான் ஏட்டு பக்தவச்சலம் மனமிரங்கி ஹேமநாத்தின் செல்போனுக்கு அடித்தார். "நான் வீட்லதான் இருக்கேன். அவ வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வழக்கம்போலக் கிளம்பிட்டாளே" என்றார் ஹேமநாத். செவ்வாய்க்கிழமை காலை ஏட்டும் ரங்கனும் நேரில் போனார்கள். அப்போது கதை வளர்ந்திருந்தது. "என்கிட்ட இருக்கறதுலயே ரேர் பிளான்ட்டைக் காணோம். அவ பையில ஏதோ தொட்டியைத் தூக்கிட்டு ஒரு ஆட்டோல ஏறினதைப் பார்த்தேன். உள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்."

ஏட்டு திரும்பி ரங்கனை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அது பரிதாபப்பட்ட பார்வை.

"திங்கட்கிழமை நடந்து போனா. செவ்வாக்கிழமை ஆட்டோ ஏறிட்டா. பொய்க்குக் கால் மொளைக்கும்னு தெரியும் மேடம், வீல் மொளைக்கும்னு இப்பதான் தெரியுது" என்றான் ஜெயவேலு. கேட் திறந்தது. வண்டியைக் கிளப்பினான்.

"பொய்யின்னு எப்படிடா சொல்றே? நிஜமாவும் இருக்கலாம்" என்றாள் ஷீலா.

ரங்கன் தலையைக் குனிந்துகொண்டான். தெருவே அப்படித்தான் சொல்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதல் இரண்டு நாள் கேட்டவன் வாயையெல்லாம் உடைக்கக் கை துறுதுறுத்தது. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிப் பிணவறையில் துணியை விலக்கி யாரோ ஒருத்தியின் முகத்தைக் காட்டினார்கள். எல்லம்மா இல்லை. வெளியே வந்து சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து அவன் வேண்டுதலே மாறிவிட்டது.

"ஓடிப்போயிருந்தாக்கூட பரவால்ல மேடம்" என்றான். "எங்கினா நல்லா இருக்கட்டும். நான் போயி கூப்புடக்கூட மாட்டேன். உசுரோட கீறான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

ஜெயவேலு கியரை மாற்றினான்.

*

ஹேமநாத்தின் பங்களா தெருக்கோடியில் இருந்தது. பக்கத்து மனைகள் இரண்டும் காலி, முள்செடி. ஷீலா வருவதாகப் போனில் சொல்லியிருந்தாள். கேட்டைத் திறந்த ஹேமநாத் ஐம்பது வயதுக்காரர். அரை டிரவுசர், டீ ஷர்ட். ரங்கனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இவனை எதுக்கு மேடம் கூட்டிட்டு வந்தீங்க?"

"உங்க செடியைக் கண்டுபிடிக்கத்தான் சார். எடுத்தவ புருஷனைவிட வேற யாரு அடையாளம் காட்டுவாங்க?" என்றாள் ஷீலா சாதுவாக.

செடி என்றதும் மனிதர் இளகிவிட்டார். "எனக்குக் கேஸ், கோர்ட்டு எல்லாம் வேணாம் மேடம். அந்தத் தொட்டி திரும்பி வந்தா போதும். மூணு வருஷம் கழிச்சு மொட்டு விட்டிருந்தது" என்றபடி ஒற்றைக்காலில் நின்று, மறுகாலால் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

"நம்ம ஊரு கொசு சார். ஆளைத் தூக்கிக்கினு பூடும்" என்றான் ஜெயவேலு.

"ஆமா, கொசு" என்றார் ஹேமநாத் அவசரமாக.

வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை போர்த்திய பெரிய கொட்டகை. உள்ளே நுழைந்தால் ஜூன் மாதத்து வெயிலிலும் ஈரவாடை. தொட்டிகள் வரிசை வரிசையாகத் தொங்கின, நின்றன, மரத்துண்டுகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. ரங்கன் இந்த இடத்துக்கு வந்ததே இல்லை. ஆனாலும் எல்லாமே தெரிந்த முகமாக இருந்தது. மூன்று வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டோடு எல்லம்மா இதைத்தானே பரிமாறினாள்! பேர் வாயில் நுழையாததால் ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு பேர் வைத்திருந்தாள். அதோ, மஞ்சள் பாவாடையை விரித்துக்கொண்டு நிற்கிறதே, அது ஆட்டக்காரி. கொடுக்கைத் தூக்கிக்கொண்டிருப்பது தேள். கம்பியில் தொங்குவது நரிவால். வாயைப் பிளந்த செருப்பு ஒன்று. கண்ணாடிக் கதவு போட்ட பழைய குளிர்பெட்டிக்குள், புருவமும் மூக்கும் தாடியுமாக நாலு குரங்கு மூஞ்சிகள்.

"இன்னா சார் இது, வண்டலூர் ஜூவுல டிக்கெட் குடுத்து உள்ள வுடுவான், நீங்க சும்மா வுட்டுட்டீங்க" என்றான் ஜெயவேலு.

ஹேமநாத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "குரங்குக்கு குளிர் வேணும். கரன்ட் போனா நானே ஐஸ் வாங்கிட்டு வந்து வைப்பேன். காணாமப் போனது புறா. வெள்ளைப் பூ. உள்ள எட்டிப் பார்த்தா, சிறகை விரிச்சுக்கிட்டு ஒரு புறா உட்கார்ந்திருக்கும். செஞ்சு வெச்ச மாதிரி."

"தினமும் நீங்களே வந்து பார்ப்பீங்களா சார்?"

"காலைல ஆறு மணிக்கு இதுங்க முகத்துல முழிக்காம நான் காபிகூடக் குடிக்கமாட்டேன்."

"போன வாரமும்?"

"ஒரு நாள்கூடத் தவறல."

ஷீலா மெல்ல நடந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ரங்கனின் கண்கள் செடியைப் பார்க்கவில்லை. தூணில் ஒரு ஆணி. ஆணியில் எல்லம்மாவின் பழைய நைட்டித் துணி, இலை துடைக்கிறது. அவன் அதைத் தொட்டான். மொடமொடவென்று காய்ந்து போயிருந்தது. அவள் இருந்தால் அது ஈரமாக இருக்கும். திரும்பிக்கொண்டான்.

திரும்பிய இடத்தில் பட்டாம்பூச்சி இருந்தது.

மேஜைமேல் ஒரு தொட்டி. வளைந்த நீளக் காம்பில் வெள்ளைப் பூக்கள் வரிசையாகப் பறந்துகொண்டிருந்தன. எல்லம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். காம்பின் அடியிலிருந்து மூன்று பூச்சிகள் ஒழுங்காகச் சிறகை விரித்திருந்தன. அடுத்த இரண்டும் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன, ஒரு சிறகு வானத்துக்கும் ஒரு சிறகு தரைக்குமாக. நுனியில் இன்னும் மூன்று மொட்டு.

ரங்கன் முறைத்துப் பார்த்தான். என்னவோ உறுத்தியது. காதுக்குள் எல்லம்மாவின் குரல், குழம்பு கிண்டிக்கொண்டே சொல்கிற குரல்.

"மேடம்" என்றான். "இது கீய வுயுந்து கெடந்துகீது."

ஷீலா சட்டென்று பக்கத்தில் வந்தாள். "எப்படிச் சொல்றீங்க?"

"எனக்கின்னா தெரியும்? அவதான் சொல்லுவா. மொக்குக்குள்ள இருக்கசொல்லவே பூவு கழுத்தை வளைச்சிக்கினு எது மேல, எது கீயன்னு பாத்துக்குமாம். பாத்துகினு அதுக்குத் தோதா நேரா மலருமாம். மலந்துட்டா அப்பறம் திரும்பாதாம். அதனால மொக்கு வச்சதிலருந்து தொட்டியைத் திருப்பக்கூடாது, சாய்க்கக்கூடாதும்பா. ஒருவாட்டி நான் அவ கொடத்தை நகத்திட்டேன், அதுக்கே 'இது மட்டும் பூவா இருந்தா இன்னேரம் கோணிக்கும்யா'ன்னா." பாதி நாள் தூங்கிவிழுந்துகொண்டே கேட்டிருக்கிறான். முழுசாகக் கேட்டிருக்கக்கூடாதா பாவி!

ஷீலா பூக்களை விரலால் எண்ணினாள். பிறகு சாதாரணமாகத் திரும்பி, "சார், இந்தப் பூ எத்தனை நாளைக்கு ஒண்ணு திறக்கும்?" என்று கேட்டாள்.

"இந்த சீசன்ல ரெண்டு நாளைக்கு ஒண்ணு" என்றார் ஹேமநாத், சொந்தப் பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற குஷியில். "ஒண்ணு திறந்து, அப்பறம்தான் அடுத்தது."

"ரெண்டு பூ படுத்துட்டு இருக்கு. அப்ப நாலு நாள்." ஷீலா குரலை உயர்த்தவில்லை. "இந்தத் தொட்டி நாலு நாள் தரையில சாய்ஞ்சு கிடந்திருக்கு. அந்த நாலு நாள்ல மலர்ந்த ரெண்டும், கிடந்த வாக்குக்கு நேரா மலர்ந்துச்சு. அப்பறம் யாரோ தொட்டியை நிமிர்த்தி வெச்சிருக்காங்க. பூ கோணிப்போச்சு. தினம் ஆறு மணிக்கு இது முகத்துல முழிக்கிறவரு, நாலு நாள் இதைத் தரையிலயா விட்டு வெச்சிருந்தீங்க?"

ஹேமநாத்தின் கால் கணுக்காலைத் தேய்ப்பதை நிறுத்தியது.

"அது... நேத்து பூனை தள்ளிடுச்சு."

"நேத்து தள்ளியிருந்தா அஞ்சு பூவும் ஒரே மாதிரி நிக்கும் சார்."

"கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. உங்குளுது மூணாம் நாளே பல்லிளிச்சிடுச்சே" என்றான் ஜெயவேலு.

அதற்குமேல் ரங்கனுக்குக் காது கேட்கவில்லை. ஹேமநாத்தின் டீ ஷர்ட் கழுத்து அவன் கையில் இருந்தது. ஆர்க்கிட் தொட்டிகள் கலகலவென்று ஆடின.

"என் பொஞ்சாதிய இன்னாடா பண்ணே? சொல்லுடா! எங்கடா பொதைச்சே?"

"ரங்கன், விடுங்க!" ஷீலா கத்தினாள். ஜெயவேலு பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்தான். வலை இழுத்த கை, லேசில் விடுமா?

"நான் இங்கயே இல்லைய்யா!" ஹேமநாத் அலறினார். "சத்தியமா நான் ஊர்லயே இல்ல!"

ரங்கனின் பிடி தளர்ந்தது.

"புதன்கிழமை ராத்திரி போனேன். திங்கட்கிழமை ராத்திரிதான் திரும்பி வந்தேன். கேட்டுச் சாவி ஒண்ணு அவகிட்டயும் இருக்கு, உள்ள வந்து பூட்டிக்குவா." அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மலைக்குப் போனேன். காட்டுல... சில செடி... எடுக்கக்கூடாதது. எங்க இருந்தேன்னு சொன்னா ஃபாரஸ்ட்காரன் உள்ள வெச்சிடுவான். ஏட்டு போன் பண்ணப்ப நான் மலைப்பாதையில இருந்தேன். வீட்ல இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"அட்டைக் கடி" என்றாள் ஷீலா, அவர் காலைப் பார்த்து. "அஸ்தினாபுரத்துல கொசு உண்டு. அட்டை கிடையாது. நீங்க எங்கேயோ போய் வந்திருக்கீங்கன்னு கேட்டுலயே தெரிஞ்சுது. எத்தனை நாளுன்னுதான் தெரியல."

"அப்ப அஞ்சு மணிக்கு எல்லம்மா போனதைப் பார்த்தேன்னது?" என்று அவளே கேட்டாள்.

"பார்க்கல. தினம் அஞ்சு மணிக்குப் போவா. அதைச் சொன்னேன்."

"ஆட்டோ?" என்றான் ரங்கன்.

"இல்ல."

"உள்ள இருந்த ஆளு?"

"ஆளும் இல்ல. வந்து பார்த்தேன், புறாவைக் காணோம். அவளையும் காணோம்னீங்க. அவதான் எடுத்துட்டுப் போயிருப்பான்னு நானே நம்பிட்டேன். நீங்களும் நம்பணும்னு..."

ஆளே இல்லை! ஒரு கணம், ஒரே ஒரு கணம், ரங்கனுக்கு நெஞ்சில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. என் எல்லம்மா எங்கேயும் ஓடவில்லை. அடுத்த கணமே இன்னொரு கேள்வி. ஓடவில்லை என்றால்?

ஷீலா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "வியாழக்கிழமை காலையில அவங்க உள்ள வந்தாங்க. வெளியே போனதை யாரு பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை. ஆறு நாளாக ஊரெல்லாம் தேடியது, அவள் வெளியே போய்விட்டாள் என்று நம்பி. பொய் சொன்னவர் நின்றிருந்த இடத்தை மட்டும் ஒருவரும் தேடவில்லை.

"மலையிலருந்து கொண்டுவந்ததை எங்க வெச்சீங்க?"

ஹேமநாத் கொட்டகை வாசல் ஓரத்தைக் காட்டினார். ஈரச் சாக்குப் பொட்டலங்கள் குவிந்திருந்தன. ராத்திரி இருட்டில் அப்படியே கொட்டியதாம். ஜெயவேலு ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தான். கடைசிச் சாக்கைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இடதுகால் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கைக் குத்திக் கொடுத்தவன் ரங்கன்தான்.

"செருப்பில்லாம என் பொஞ்சாதி தெருவுல நடக்கமாட்டா மேடம்" என்றான். "கால்ல ஆணி கீது அவுளுக்கு."

ஷீலா ஹேமநாத்தின் பக்கம் திரும்பினாள். "பட்டாம்பூச்சித் தொட்டி எங்க விழுந்து கிடந்தது? கரெக்டா காட்டுங்க."

"அங்க. அந்த... தகரத்துக்குப் பக்கத்துல."

"என்ன தகரம்?"

கொட்டகையின் கடைசி மூலையில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தரையில் கிடந்தது. அதன்மேல் பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் அழகாக அடுக்கியிருந்தன. தலைக்குமேல் ஒரு வெற்றுக் கொக்கி தொங்கியது.

"புறாவோட கொக்கி அது" என்றார் ஹேமநாத். அவர் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. தான் சொல்லப்போவது என்ன என்று அவருக்கே இப்போதுதான் புரிந்தது போலும். "கீழ பழைய உறைக்கிணறு. தகரம் போட்டு மூடியிருந்தோம். நான் வந்தப்ப தகரத்தைக் காணோம். காத்துல உள்ள விழுந்திருக்கும்னு... மேல ஷீட்டை இழுத்துப் போட்டு மூடிட்டேன். இடம் வீணாப் போகுதேன்னு தொட்டி அடுக்கினேன்."

"சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"மேடம்..."

"கேட்டுச்சா?"

"டொக்கு டொக்குன்னு ஏதோ. எலியின்னு நினைச்சேன்."

ரங்கன் அதற்குள் ஓடியிருந்தான். தேள் தொட்டி போனது, செருப்புப் பூத் தொட்டி போனது, ஆட்டக்காரி சுவரில் மோதிச் சிதறினாள். ஹேமநாத் "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டார். எதற்குப் போட்டார் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. ஜெயவேலு மறுமுனையைப் பிடிக்க, ஷீட்டை இழுத்து அப்பால் தள்ளினார்கள். உள்ளிருந்து சேற்று வாடை மேலே அடித்தது. இருட்டு.

"எல்லம்மா!"

அவன் குரல்தான் திரும்பி வந்தது.

"ஏ எல்லம்மா! நான்தான்டி! ரங்கன் வந்துகீறேன்! எல்லம்மோய்!"

ஒன்றுமில்லை. அவன் கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டான். ஆறு நாள். பச்சைத் தண்ணீர்கூட... தண்ணீர் இருக்கிறதோ, இல்லையோ. கடலுக்குக் கட்டுமரத்தைக் கொடுத்தேனே, அது போதாதா தாயே, இவளையுமா? மண்ணில் முகத்தைப் புதைத்து அழுதான். பெரிய ஆம்பிளை என்கிற வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

டொக்.

ரங்கன் தலையைத் தூக்கினான்.

டொக். தகரத்தில் தகரம் தட்டுகிற சத்தம். தூக்குவாளி மூடி.

"ஃபயர் சர்வீஸுக்கு அடிக்கறேன். ரங்கன், இருங்க, அவங்க வரட்டும்" என்று ஷீலா செல்போனை எடுத்தாள்.

ரங்கனா இருப்பான்? பச்சை வலையை இழுத்துக் கட்டியிருந்த நைலான் கயிற்றை, தொட்டிகளுக்கிடையில் கிடந்த அரிவாளால் அறுத்து எடுத்தான். பாதிக் கொட்டகை சரிந்தது. கயிற்றை இரும்புத் தூணில் சுற்றி, கட்டுமரத்தைக் கட்டுகிற முடிச்சு ஒன்றைப் போட்டு இழுத்துப் பார்த்தான். ஜெயவேலு கயிற்றின் மிச்சத்தைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு கால்களைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தான். காலையிலிருந்து ஓயாத வாய், இப்போது ஒரே வார்த்தைதான் சொன்னது.

"போண்ணா."

உறைக்கு உறை கால்வைத்து இறங்கினான். இருபத்தைந்து அடி இருக்கும். பாசி வழுக்கியது. முழங்கையில் தோல் உரிந்தது தெரியவில்லை. கால் சேற்றில் பதிந்தபோது முழங்காலளவு தண்ணீர். உள்ளே விழுந்து கிடந்த பழைய தகரத்தின்மேல், சுவரில் சாய்ந்தபடி அவள் இருந்தாள்.

முதலில் கண்கள்தான் தெரிந்தன. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, ஒரு கால் போகக்கூடாத பக்கம் மடங்கி இருந்தது. கையில் தூக்குவாளி மூடி. அதில் மொண்டு மொண்டு இந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள். மறுகை பக்கத்து உறையின் விளிம்பில் எதையோ அணைத்துப் பிடித்திருந்தது.

"எல்லம்மா" என்றான். அவள் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டான். நெற்றி கொதித்தது. கொதித்தால் என்ன! கொதிக்கிற உடம்பு உயிருள்ள உடம்பு. "மன்னிச்சிடுடி. ஊரு பேச்சைக் கேட்டுகினு நானும்... கொஞ்ச நேரம்... மன்னிச்சிடுடி."

அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவள் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தான்.

"வெயிலு பட்டுச்சி... எறக்கி உள்ள வெக்கலாம்னு ஏறுனேன்... தகரம் வுட்டுருச்சி..."

"பேசாத. பேசாத கண்ணு."

கயிற்றை அவள் அக்குளுக்கடியில் கொடுத்து முடிச்சுப் போட்டான். மேலே ஷீலாவும் ஜெயவேலுவும் இழுக்கத் தயாராகக் குரல் கொடுத்தார்கள். தூரத்தில் எங்கோ தீயணைப்பு வண்டியின் மணி கேட்டது. அவள் அணைத்துப் பிடித்திருந்ததை விலக்கினால்தான் தூக்க முடியும். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒரு தொட்டி. வாய் உடைந்திருந்தது. இலைகள் கிழிந்திருந்தன. நடுவிலிருந்து ஒரு காம்பு நேராக மேலே கிளம்பியிருந்தது. அதில் பட்டாணி அளவுக்கு வெள்ளை வெள்ளையாக ஏழெட்டு மொட்டுகள்.

தொட்டி கையை விட்டுப் போனதும் அவள் கண் திறந்தாள். அத்தனை பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சாய்ச்சிடாதய்யா... மொக்கு வச்சிகீது."

ஆறு நாளும், இருட்டில், எது மேல் எது கீழ் என்று அதற்குத் தெரியவேண்டுமே என்று அவள் அதை நிமிர்த்தியே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

முதலில் அவளை ஏற்றினான். வெளிச்ச வட்டத்துக்குள் அவள் பாதம் மறைகிறவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். "கெடைச்சிட்டாங்கண்ணா! கைக்கு வந்துட்டாங்க!" என்று ஜெயவேலு மேலே அழுதுகொண்டே கத்தினான். கயிறு மறுபடியும் கீழே வந்தது.

"அந்தப் புறா... அதுவும் இருக்கா?" என்று ஹேமநாத்தின் குரல், பயந்து பயந்து, விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தது.

ரங்கன் சட்டையைக் கழற்றித் தொட்டியைச் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டான். அவருக்காக இல்லை. சாய்க்காமல், ஒரு உறை, இன்னொரு உறை என்று நிதானமாக ஏறத் தொடங்கினான்.